வெள்ளை நார்

கோமளா ஆரஞ்சுச் சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துத் தட்டில் போட்டார். பிறகு, அருகிலிருந்த பழச்சத்து டப்பாவைத் திறந்து, ஒரு ஸ்பூன் பொடியை எடுத்து வெந்நீரில் கலக்கிக் குடித்தார்.

டப்பாவிலிருந்து வந்த வாசனை நாருக்குப் பழக்கமானதாக இருந்தது.

"நீ யாரு?" என்று கேட்டது.

உள்ளே இருந்த பொடி குரலைத் தாழ்த்தியது. "உன் சொந்தம்தான். ஜூஸ் கம்பெனியில தூக்கிப்போட்ட தோலையும் நாரையும் காயவெச்சு அரைச்சாங்க. நம்மகிட்டதான் சத்தே இருக்காம்."

"அப்ப நானும் அதேதானே? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். குப்பைக்கூடையை எடுக்கப் போறாங்க."



"சொல்லலாம்," என்றது பொடி. "அப்புறம் என்னை எதுக்கு வாங்குவாங்க?"