பிரேக்கில் ஊற்றிய மிஷின் எண்ணெய்

பனியன் மிஷினுக்கு விடுகிற எண்ணெயை வேனின் பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றிவிட்டார் டிரைவர் பொங்கியண்ணன்.

கம்பெனி முழுக்க அதே பேச்சு. கதவு கிறீச்சிட்டாலும், சைக்கிள் செயின் இறுகினாலும் திருப்பூரில் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெய்தான். அதற்காகப் பிரேக்குக்குமா?

"அடுத்தது ரேடியேட்டர்ல சாயத்தண்ணி ஊத்துவாரு" என்று கட்டிங் மேஜைக்காரர்கள் சிரித்தார்கள்.

சாரதாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்த காலத்து வேன் அது. பண்டல் சுமந்து ஓய்ந்துபோனதை, கான்வென்ட் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற செங்கோட்டையனுக்கு விற்பதாகப் பேசி முடித்திருந்தார் கம்பெனி முதலாளியான அவள் கணவர் குமாரவேல். வண்டியோடு பொங்கியண்ணனும் அங்கேயே வேலைக்குப் போவதாக ஏற்பாடு. ஜூனில் பேபி கிளாஸில் சேரப்போகும் தன் மகளும் அதில்தான் போவாள் என்று சாரதாமணி நினைத்திருந்தாள்.

வண்டியை ஒப்படைக்க வேண்டிய அன்று சக்கரங்கள் இறுகிக்கொண்டன. தள்ளியும் நகரவில்லை. வாங்க வந்த செங்கோட்டையன், சோமனூரில் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

குமாரவேல் அந்த இடத்திலேயே பொங்கியண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார். எண்ணெய் தெரியாத டிரைவர் என்று பேராகிவிட்டது. இனி இந்த ஊரில் யாரும் அவரை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

சாரதாமணியும் சும்மா இருக்கவில்லை. மகளைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, இத்தனை பிஞ்சுக ஏறப்போற வண்டீன்னு தெரிஞ்சுமா இப்படிப் பண்ணுனீங்க? உங்களுக்குக் கொஞ்சமாச்சும் ஈரம் இருக்குதுங்களா?"

பொங்கியண்ணன் குழந்தையைத்தான் பார்த்தார்.

"தப்புத்தானுங்க அம்மிணி."

துணிப்பையை எடுத்துக்கொண்டு மூலனூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் மெக்கானிக் வெள்ளியங்கிரி வந்தார். மிஷின் எண்ணெய் பட்டு, பிரேக்கின் உள் ரப்பரெல்லாம் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அதனால்தான் சக்கரம் இறுகியது என்றார். அப்புறம் பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே விரல் வைத்து, மோந்து பார்த்தார்.

என்ன என்று கேட்டாள் சாரதாமணி.

"இது மிஷின் எண்ணெய் இல்லீங்க. பிரேக் ஆயிலு. ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே கசிஞ்சு ஊறிக் கெடக்குது."

தரையில் ஒரு சொட்டு விழாதாம். டப்பாவில் மட்டும் குறைந்துகொண்டே வருமாம். என்றைக்காவது மிதித்தால் பெடல் மட்டும் உள்ளே போகும், வண்டி நிற்காது என்றார்.

"இதக் கண்டுபுடிச்சதே பொங்கியண்ணன்தானுங்க. எங்கிட்ட வந்து, மொதலாளிகிட்டச் சொல்லி ரிப்பேர் பண்ணோணும்னுட்டுப் போனாரு. அப்புறம் வரவேயில்லீங்க."

சாரதாமணிக்குப் புரிந்தது. தெரியாமல் ஊற்றவில்லை. வண்டி நகரவே கூடாது என்று ஊற்றியிருக்கிறார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"சொன்னான். கொறையக் கொறைய ஊத்தி ஓட்டு, கை மாறுன பெறகு வாங்குனவன் பாத்துக்குவான்னேன். வாங்கறவங்கிட்டச் சொல்லிப்போடுவானோன்னு பாத்தேன். நம்ம சோத்தத் தின்னவன், என்னையக் காட்டிக் குடுக்கல. இப்படிப் பண்ணிப்போட்டான்."

"அவரத் திரும்பக் கூப்புடுங்க."

"கூப்புட்டா, ஏன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல?"

அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பச்சப் புள்ளைக... நம்ம பாப்பாவும் அதுலதானுங்க போறதா இருந்துது."

குமாரவேல் அவள் கையைப் பிடித்து, அன்பாகத் தட்டிக்கொடுத்தார்.

"சும்மா பயப்படாத புள்ள. அவன் வந்து சொன்ன அன்னைக்கே நம்ம பாப்பாவுக்கு ரிக்‌ஷா பேசீட்டேன்."