டத்தோ அடித்த கோல்

மலேசியாவின் கோல சிலாங்கூரில், செம்பனைகளுக்கு நடுவே கிடக்கும் தோட்டத் திடலில் வெயில் கொதிக்கிறது. இங்கே பிறந்து, தாய்லாந்து, கம்போடியா, இந்தோனேசியா என்று நாடு நாடாய்ப் போய்க் கோல் அடித்த ஜீவனை இன்று கோல்கீப்பராய் நிறுத்தியிருக்கிறார்கள். கழுத்தில் போட்ட மாலை வியர்வையில் ஊறி நாறுகிறது. போட்டியின் முதல் உதையை, அரசாங்கப் பட்டம் வாங்கிய பிரமுகர் டத்தோ உதைப்பாராம். அதைப் பிடிக்காமல் விட, பேர்போன ஆட்டக்காரன் ஒருவன் வேண்டுமாம். "அந்தப் பக்கமா விழுந்துருங்க லா, படம் அழகா வரும்," என்கிறார் போட்டிக் குழுச் செயலாளர், பல்லிடுக்கில் ஆட்டிறைச்சி நாரோடு. டத்தோ பளபளக்கும் சப்பாத்தால் உதைக்கிறார். ஜீவன் சொன்ன பக்கம் விழுகிறான். கன்னத்தில் மாட்டுச் சாணி அப்புகிறது. பந்தோ தள்ளாடி உருண்டு, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், அவன் காலருகே நின்றுவிடுகிறது. "தட்டி விடுங்க, தட்டி விடுங்க!" என்று செயலாளர் பதறுகிறார். ஜீவன் படுத்தபடியே குதிகாலால் பந்தை உள்ளே தள்ளுகிறான். "கோல்! டத்தோ கோல்!" என்று மைக் அலறுகிறது. டத்தோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வருகிறார். எழுந்து காறித் துப்பும் ஜீவனிடம் செயலாளர் பந்தோடு ஓடி வருகிறார். "சாரி லா ஜீவன், கேமரா ஆன் ஆகல. இன்னொரு தரம்." ஜீவன் கன்னத்துச் சாணியைப் புறங்கையால் வழிக்கிறான். "அதே பக்கந்தானா?" என்று கேட்கிறான்.