எங்கள் ஊரைக் கதையாக்கியவள்

"கொளுத்தணும்! இந்தப் பத்திரிகையை நடுத்தெருவுல போட்டுக் கொளுத்தணும்!"

கறிக்கடைக்காரர் மனைவி மேபல் போட்ட சத்தத்தில் நூலக அறையே அதிர்ந்தது. ஹார்லன்வில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்து இரும்புக்கடை இடெல்லா பார்த்ததே இல்லை. உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் புத்தக அலமாரிகளில் சாய்ந்து நின்றார்கள்.

எல்லாம் ஒரு சிறுகதையால் வந்த வினை. நியூயார்க் பத்திரிகை ஒன்றில் 'ஜே. வார்ட்' என்ற பெயரில் வந்திருந்தது. ஓஹையோவில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவி. தினமும் சாயங்காலம் சிகாகோ ரயில் வரும் நேரத்துக்குத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்காருவாள். ரயில் கூவிக்கொண்டு போனதும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அதில் வந்த தேவாலயம், ஆற்றுப்பாலம், ஒரு பக்கமாகச் சாய்ந்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே ஹார்லன்வில்.

சங்கத் தலைவி அகஸ்டா ப்ரூயிட், ஊர் வங்கி முதலாளியின் மனைவி. குற்றம் என்னவென்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று முழுக் கதையையும் அவரே உரக்கப் படித்துக் காட்டினார். அவர் படித்த விதத்தில் பின்வரிசையில் ரெண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் சுதாரித்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து திட்டினார்கள்.

"முன்னெல்லாம் நம்ம மாதிரி ஊரைப் பத்தி எவ்வளவு லட்சணமா எழுதுவாங்க!" என்றாள் மேபல். "ஆப்பிள் தோட்டம், சர்ச் மணி, கடைசியில ஒரு கல்யாணம். படிச்சா மனசு நெறைஞ்சிடும். இப்ப என்னடான்னா உள்ளதை உள்ளபடி எழுதுறாங்களாம். அடுத்த வீட்டு அழுக்குத்துணியைக் கொடியில காயப்போடுறதுக்குப் பேரு இலக்கியமா? அதுலயும் இது முடிவே இல்லாத கதை. எழுதினவளுக்கு முடிக்கத் தெரியல."

"முடிவு இருக்கு," என்றார் அகஸ்டா வெடுக்கென்று. "உனக்குப் புரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ்வளவு சாமர்த்தியமா எழுதியிருக்கறதுதான் ஆபத்துன்னு சொல்ல வந்தேன்."

"யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியும்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "இந்த ரோவீனாதான்!"

அத்தனை தலைகளும் நூலகர் ரோவீனா பக்கம் திரும்பின.

"கல்யாணம் காட்சி கிடையாது. எந்நேரமும் படிப்பு. நியூயார்க்குக்குப் பார்சல் பார்சலா அனுப்பிக்கிட்டே இருக்கா," என்று மேபல் விரலை நீட்டினாள்.

"அதெல்லாம் அட்டை கிழிஞ்ச புத்தகங்க. மாத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பறேன்," என்றாள் ரோவீனா.

"வேற எப்படிச் சொல்லுவே? தலைவியம்மா, இது நம்ம சங்கம் நடத்துற நூலகம். இவளை வேலையை விட்டு எடுக்கணும். ஓட்டுக்கு விடுங்க! போன வருஷம் நமக்கு ஓட்டுரிமை வந்தது வேற எதுக்காம்?"

கைகள் மளமளவென்று உயரத் தொடங்கின. இடெல்லா ரோவீனாவைப் பார்த்தாள். அந்தக் கதையைத் தனக்குப் படிக்கக் கொடுத்தவளே ரோவீனாதான். படித்த அன்று ராச்சாப்பாடு தீய்ந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தாள் இடெல்லா. தன்னைப் போன்றவளைப் பற்றிக்கூட ஒருவர் எழுதுவார் என்று அவள் நினைத்ததே இல்லை. இந்த வேலையும் போனால் ரோவீனாவுக்குப் போக்கிடம் ஏது?

யோசிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"எழுதினது நான்தான்."

மேபல்தான் முதலில் சிரித்தாள். "நீயா? உங்க இரும்புக்கடைச் சீட்டுல பூட்டுன்னு தப்பில்லாம எழுத வராதேடி உனக்கு!"

"அச்சடிக்கிறவங்க திருத்திக்குவாங்க," என்றாள் இடெல்லா. பேசப் பேச அவளுக்கே வெறி ஏறியது. "ஆமா, நான்தான் எழுதினேன். தொப்பி போட்டுக்கிட்டு ரயிலுக்குக் காத்திருக்கிறவளும் நான்தான். நீயும்தான் மேபல். இங்க இருக்கிற பாதிப் பேரும்தான். இல்லைங்கறவங்க எழுந்து நின்னு சொல்லுங்க, பாப்போம்!"

ஒருவரும் எழவில்லை. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேபல்கூடத் தன் கையுறையின் பொத்தானைத் திருகிக்கொண்டு குனிந்துகொண்டாள்.

அகஸ்டாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "கூட்டம் முடிஞ்சுது," என்றார்.

வெளியே வந்தபோது இடெல்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை அவள் சொன்னதும் இல்லை, இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை. படிக்கட்டில் ரோவீனா ஓடி வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க? நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியாதா?"

"என்னை எந்த வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க? ஆணி நிறுக்கிற வேலையை விட்டா? நீ அடுத்த கதையை எழுது ரோவீனா. எனக்கு அது போதும்."

"ஐயோ, நான் எங்க எழுதினேன்? எனக்கு ஒரு வரி எழுத வராதுங்க!"

"அப்போ யாரு..." என்று இடெல்லா கேட்க வாயெடுத்தாள். நூலகக் கதவு படாரென்று திறந்தது. அகஸ்டா ப்ரூயிட் தலைக்குத் தொப்பிகூட இல்லாமல் படிகளில் இறங்கி ஓடி வந்து இடெல்லாவின் மணிக்கட்டை இறுகப் பற்றினார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"எவ்வளவு நெஞ்சழுத்தம்டி உனக்கு! ஆறு வருஷம் உயிரைக் குடுத்து நான் எழுதின கதையை, என் கண்ணு முன்னாடியே உன்னுதுங்கறே?"