கடல்பாசியில் பதிந்த பல்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. வானம் மூடிக் கிடந்தது; மழையும் இல்லை, காற்றும் இல்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கடற்பாசியைப் பொடியாக்கி விற்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் அன்று மாதாந்திர மின்தடை. எட்டுப் பேர் மட்டுமே பணிக்கு வந்திருந்தனர். இயந்திரங்கள் ஓய்வெடுத்தன, பாதுகாப்பு அதிகாரி தணிகாசலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலாளிக்கென்று சமையற்காரர் தாயாரம்மாள் செய்துவைக்கும் கடல்பாசி இனிப்பை, மூன்று நாட்களாக எவரோ கடித்துவிட்டுப் போகிறார். நண்பகலுக்குள் ஆள் அகப்படாவிட்டால் தணிகாசலம் வீட்டுக்குப் போகலாம் என்பது முதலாளியின் தீர்ப்பு.

"முப்பது வருசமா கேட்டாண்டயே நின்னு நானும் கேட்டு மாதிரி ஆயிட்டேன். தொறக்கவும் மூடவும்தான் தெரியுது," என்று அவர் தம்மைத் தாமே நொந்துகொண்டார்.

பணியில் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஆய்வக உதவியாளன் ஹேமநாத் அவருக்கு வழி காட்டினான்.

"அதான் பல்லு பதிஞ்சிகீதே சார், அப்புறம் இன்னா கவலை? காலைல தேச்ச பேஸ்ட்டு, துன்ன ஐஸ்கிரீமு, தலைக்குப் போட்ட ஷாம்பு, எதுல இல்ல நம்ம பாசி? பல் டாக்டரு அச்சு எடுக்கிற பவுடரும் பாசிதான். கலக்கி வாயில வெச்சா அஞ்சே நிமிசம், பல் வரிசை அப்படியே வந்துரும்."

தணிகாசலத்துக்கு அறிவியலில் நம்பிக்கை அன்றுதான் பிறந்தது. ஆயினும் முழு வளர்ச்சியுடன் பிறந்தது.

உணவுக்கூடத்தில் அனைவரும் வரிசையாக அமர்த்தப்பட்டனர்.

"லோடு ஏத்தி வண்டி நிக்குது சார், சீக்கிரம் வுடுங்க," என்றார் லாரி ஓட்டுநர் பாக்கியராஜ்.

"செஞ்சவளே கடிச்சிக்கினு இருப்பனா? எனக்கு இருக்கிறதே நாலு பல்லு," என்றார் தாயாரம்மாள்.

"அந்த நாலையும் பாத்துருவோம்க்கா. வாயத் தொற," என்றார் தணிகாசலம்.

வாயிற்காவலர் குப்பனையும் தணிகாசலம் விட்டுவைக்கவில்லை. நடுநிலை தவறலாகாது என்று கருதி, தாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறந்தார்.

"அல்லாரும் தலைய மேல தூக்கிக் கண்ண மூடிக்கங்க. அசைஞ்சா அச்சு கெட்டுப்பூடும். கலக்குறவன் நான், கடைசியா வெச்சிக்கிறேன்," என்றான் ஹேமநாத்.

ஏழு வாய்கள் பசையால் அடைபட்டன.

இரண்டாம் நிமிடத்தில் பாக்கியராஜ் "ம்ம்... ம்ம்ம்" என்று முனகியவாறு எழுந்தார். வாயிலிருந்து அச்சைப் பிடுங்கக் கையை உயர்த்தினார். கண் திறந்த தணிகாசலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சம் ஐந்து நிமிடம் அமர்ந்திராது. அவர் ஒரு தோளை அழுத்த, குப்பன் மறுகையைப் பற்றிக்கொண்டார். ஓட்டுநர் துள்ளத் துள்ள, தணிகாசலத்தின் பெருமிதமும் பெருகிற்று. சிரிக்க முயன்றார், பசை இடந்தரவில்லை.

உரிய நேரத்தில் அச்சுகள் வெளிவந்தன. ஓட்டுநரின் பற்களை இனிப்பில் பதிந்திருந்த பற்களோடு வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஏழில் எதுவுமே பொருந்தவில்லை.

"அப்புறம் இன்னாத்துக்குய்யா எகிறிக்குதிச்ச?"

பாக்கியராஜ் வாயைத் துடைத்துக்கொண்டார். "என் வண்டி ஸ்டார்ட் ஆவுற சத்தம் எனக்குத் தெரியாதா சார்?"

தணிகாசலம் தமது அச்சைக் கையில் எடுத்து நெடுநேரம் நோக்கினார். "மூளைக்கு அச்சு எடுத்திருந்தா வெறுங்கிண்ணம்தான் வந்திருக்கும்," என்றார்.

இனிப்பைக் கடித்த எட்டாவது ஆள், அறுபது மூட்டைப் பாசிப்பொடி ஏற்றிய லாரியோடு, காவலற்ற கேட்டைத் தானே திறந்துகொண்டு வெளியேறியபோது மணி சரியாகப் பதினொன்று நாற்பத்திரண்டு.