நாற்பதாவது முகம்

ஒரு தெருவில் நாற்பது பேருக்கு ஒருவர் குறைந்தாலும் அந்தத் தெருவை நகரத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நொடித்துப்போன மாநகராட்சி கொண்டுவந்த புது விதி அது. அதற்குப் பிறகு குடிதண்ணீர் கிடையாது, தெருவிளக்கு கிடையாது, மயான வண்டிகூட உள்ளே வராது.

பச்சையம்மன் சந்தில் சரியாக நாற்பது பேர். அவர்களில் ஒருவரான குப்புராஜ், தலை எண்ண அதிகாரி வரும் நாளாகப் பார்த்து விடியற்காலையில் இறந்துபோனார்.

"நாலு மணிக்கு அவங்க எண்ணிட்டுப் போற வரைக்கும் அழுதுடாதக்கா," என்று அவர் மனைவி தமயந்தியிடம் எதிர்வீட்டு நசீமா கெஞ்சினாள். அவரை வாசல் நாற்காலியில் உட்காரவைத்து, கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். தமயந்தி பக்கத்தில் நின்று விசிறினாள்.

அதிகாரி ஒவ்வொரு முகத்துக்கும் கருவியைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"முப்பத்தொன்பது ஆச்சு. பெரியவரே, வணக்கம்! என்ன, பதிலே காணோம்?"

"குழாய் வரியை ஏத்துனதுலேர்ந்து உங்க ஆளுங்களோட அவர் பேசுறதில்ல சார்," என்றாள் நசீமா.

அதிகாரி சிரித்தார். பயத்தில் தமயந்தியின் விசிறி ஒரு நொடி நின்றது. குப்புராஜின் உதட்டில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. உதடு அசையவில்லை.

அதிகாரி ஈயைப் பார்த்தார். தமயந்தியைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"நாற்பது," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஐயாவை ரொம்ப நேரம் வெயில்ல வைக்காதீங்கம்மா. மயான வண்டி ஆறு மணி வரைக்கும்தான்."

அவர் தெருமுனை திரும்பும்வரை தமயந்தி விசிறிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.