எட்டாத காது

"காதைத் தொட்டே, கையை ஒடிச்சுப்புடுவேன்!"

பாலவாடி டீச்சர் லூர்துமேரி, செபாஸ்டின் கையில் சுள்ளென்று ஒன்று வைத்தாள். மகளைக் கொண்டுவந்து விட்ட ராமக்காவுக்கே பொறுக்கவில்லை.

"பச்சப் புள்ள டீச்சர்! காதைத் தொட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"முழுகித்தான் போவும். ஆபீசர் வராருல்ல?"

விஷயம் இதுதான். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயசு. பாலவாடியில் பேரை அடித்துவிடுவார்கள். இருபது பிள்ளை இருந்தால்தான் மானியம். இங்கே சரியாக இருபது. ஒன்று குறைந்தாலும் கதவுக்குப் பூட்டு.

பக்கத்து ஊரில் போன மாதம் அப்படித்தான் பூட்டினார் ஆபீசர் காளியப்பன். அங்கே அம்மாக்காரிகள் கடலைக்காட்டில் களையெடுக்க, பிள்ளைகள் கிணற்று மேட்டில் கிடக்கின்றன.

ஜீப் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. ஆபீசர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வர்ற வழியில கிணத்து மேட்டுல மூணு புள்ளைங்க. ஒவ்வொண்ணாத் தூக்கி நிழல்ல விட்டுட்டு வரேன். ம், வரிசையா நில்லுங்க!"

பத்தொன்பது பேருக்கும் எட்டவில்லை. செபாஸ்டினும் சொல்லிக்கொடுத்தபடி உச்சந்தலையிலேயே கையை நிறுத்திக்கொண்டான், சமர்த்து.

"அட, இந்த ஊருப் பசங்களுக்குக் கையே குட்டையா?" என்றார் ஆபீசர்.

வந்ததே ரோசம் பயலுக்கு! காதை எட்டிப் பிடித்ததோடு விட்டானா, ஒரு திருகும் திருகிக் காட்டினான்.

"தொட்டுட்டேன், பாருங்க!"

மாதாவே! லூர்துமேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, ஜூன்ல இவன் பள்ளிக்கூடம் போயிடுவானுங்க. இந்த ஊரு சின்னக்கா பொண்ணு அப்பத்தான் அவன் எடத்துல இங்க சேருது. அதுவரைக்கும் மட்டும் கொஞ்சம்..."

"எனக்கே சட்டம் சொல்லித் தரீங்களா? பொய்க்கணக்கு எழுதுனா வேலை போயிடும், தெரியுமில்ல? நோட்டைக் குடுங்க!"

விறுவிறுவென்று எழுதினார். நோட்டைப் பட்டென்று மூடினார். ஜீப் கிளம்பிவிட்டது.

எல்லாம் போச்சு என்று நோட்டைப் பிரித்தாள் லூர்துமேரி.

'7-2-72. செபாஸ்டின்: நேரில் சோதித்தேன். காதுக்கு இரண்டு விரற்கடை எட்டவில்லை. ஜூன் வரை எட்டாது.'