முன்கண்ணாடிக் கறை

"போயிடுச்சா, குணா?" எலுமிச்சம்பழத்தால் காரின் முன்கண்ணாடியைத் தேய்த்தபடியே என் கணவர் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க."

"அங்சானா மரத்தடியில நிறுத்தினேன்ல, அந்தப் பிசின்தான். மூணு நாளா விடமாட்டேங்குது."

அவர் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், டிரைவர். பினாங்கில் வேலை போன தமிழர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. அவர் வேலையும் போனால் எங்களுக்கும் கப்பல்தான்.

சாம்பல் போட்டார். காடி ஊற்றினார். ஈரக் காகிதத்தால் அழுத்தித் துடைத்தார்.

பக்கத்து பங்களா டிரைவர் யூசுப் வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தார். "அண்ணே, போதும்லா! தேச்சுத் தேச்சு கண்ணாடியையே கரைச்சிடுவீங்க போல!"

"உனக்கென்னப்பா, உங்க வெள்ளைக்காரத் துவான் பின்னால தூங்கிக்கிட்டே வருவாரு. எங்க தவுக்கே தூசிக்கே குதிப்பாரு." என் பக்கம் திரும்பினார். "இப்போ?"

"ஓரத்துல லேசா இருக்கு. போயிட்டு வாங்க."

"நாளைக்கு மண்ணெண்ணெய் போட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தவுக்கேயை அழைத்துவரத் துறைமுகத்துக்குப் போன கார், திருப்பத்தில் திரும்பாமல் நேரே கடலுக்குள் இறங்கிவிட்டது.

அந்தக் கண்ணாடியில் பிசின் இருந்ததே இல்லை. முதல் நாளே பார்த்துவிட்டேன்; அது பளிச்சென்றிருந்தது. அவருடைய கருவிழிகளில்தான் வெள்ளை படர்ந்திருந்தது.

சொன்னால் அந்த நிமிஷமே தவுக்கேயிடம் சாவியைக் கொடுத்துவிடுகிற மனுஷர். அதற்குப் பயந்துதான், அவர் கேட்டபோதெல்லாம் இன்னும் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.